நரம்பு எது, நரம்பு அல்லாதது எது: உடம்பைத் தொட்டே நரம்பு மண்டலம் கற்க ஒரு முழு வழிகாட்டி

ஊசி போட இடம் தேடும் நர்ஸ் "நரம்பே கிடைக்கல" என்கிறார். அது சிரை, ரத்தக் குழாய். ராத்திரி தூக்கத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் "நரம்பு சுண்டி இழுத்துடுச்சு" என்கிறோம். அது தசை. விரல்களை விரித்தால் புறங்கையில் எழும்பி நிற்கும் கம்பிகளையும் நரம்பு என்போம். அவை தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள். இலைக்கும் நரம்பு உண்டு, யாழுக்கும் நரம்பு உண்டு. நீளமாக, மெல்லியதாக, இழுத்துக் கட்டியதுபோல் எது இருந்தாலும் தமிழில் அது நரம்புதான்.

பேச்சுக்கு இது போதும், பாடத்துக்குப் போதாது. முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது நான் பார்க்கும் பெரிய குழப்பம் மூளையின் சிக்கலான பாகங்களில் இல்லை. இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. இன்னொன்று: நரம்பும் நரம்புச் செல்லும் ஒன்று என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த இரண்டையும் முதலில் தீர்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து உட்காரும். அதனால் புத்தகப் படத்திலிருந்து தொடங்காமல் முழங்கையிலிருந்து தொடங்குவோம்.

தேவையானவை: உங்கள் உடம்பு, ஒரு ஆட்டு மூளை, பென்சில், காகிதம், கால் தொங்கும் உயரத்தில் ஒரு மேசை.

படி 1: முழங்கையில் நரம்பைத் தொடுங்கள்

கையைப் பாதி மடக்குங்கள். முழங்கையின் உட்புறம், உடம்பை ஒட்டிய பக்கத்தில் ஒரு எலும்பு முண்டு இருக்கும். அதற்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துக் குறுக்காக மெதுவாக உருட்டினால் வழுக்கிக்கொண்டு போகும் ஒரு கயிறு தட்டுப்படும். அதுதான் அல்நார் நரம்பு. கதவில் இடித்தால் "கரன்ட் அடிச்ச மாதிரி" என்று நாம் கத்துவது இதனால்தான்.

அழுத்தாமல் லேசாகத் தட்டிப் பாருங்கள். சுரீரென்பது முழங்கையில் இல்லை, சுண்டுவிரலில். இடித்த இடம் ஒன்று, உணரும் இடம் வேறு. காரணம், அந்தக் கயிற்றுக்குள் ஓடும் இழைகளில் பல சுண்டுவிரலிலிருந்து வருபவை. இழையை நடுவழியில் யார் தொட்டாலும் மூளைக்கு அது தெரியாது. இந்த இழையில் செய்தி வந்தால் சுண்டுவிரலிலிருந்து வந்தது என்றே அது எடுத்துக்கொள்ளும்.

இப்போது அந்தக் கயிற்றைக் குறுக்காக வெட்டியதாகக் கற்பனை செய்யுங்கள். தேங்காய் நார்க் கயிறு போலத்தான். நார்கள் சேர்ந்து புரி, புரிகள் சேர்ந்து கயிறு. ஒவ்வொரு நாரும் ஒரு நரம்புச் செல்லின் நீண்ட வால், அதாவது ஆக்சான். ஆயிரக்கணக்கான ஆக்சான்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து, ஒவ்வொரு கட்டையும் ஒரு உறை சுற்றி, எல்லாவற்றையும் வெளியே இன்னொரு தடித்த உறை சுற்றியிருக்கிறது. இடையிடையே ரத்தக் குழாய்களும் கொஞ்சம் கொழுப்பும் உண்டு.

அந்தச் செல்களின் உடல்கள் எங்கே? முழங்கையில் இல்லை. சுண்டுவிரலின் உணர்ச்சியைக் கொண்டுபோகும் செல்லின் உடல் கழுத்துப் பகுதி முள்ளெலும்புகளை ஒட்டி இருக்கிறது. சுண்டுவிரலை அசைக்கக் கட்டளை கொண்டுவரும் செல்லின் உடல் தண்டுவடத்துக்கு உள்ளேயே இருக்கிறது. கையில் இருப்பது வால்கள் மட்டும். நரம்பு என்பது கட்டு. நியூரான் என்பது செல். இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தொழுநோயைப் பரிசோதிக்கும் டாக்டர்கள் இதே பள்ளத்தில்தான் விரலை வைத்துப் பார்க்கிறார்கள். தொழுநோய்க் கிருமி ஆக்சான்களைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்களுக்குள் குடியேறும். உடம்பின் குளிர்ந்த பகுதிகளே அதற்குப் பிடிக்கும். தோலுக்கு அடியிலேயே ஓடும் அல்நார் நரம்பு அதற்கு வசதியான இடம். நரம்பு தடித்துப் போகும். அப்புறம் விரல்களுக்கு வலி தெரியாது. 1940களின் பிற்பகுதியிலிருந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்த நோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த பால் பிராண்ட், விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்பதை எடுத்துக் காட்டினார். வலி தெரியாததால் சுடுபாத்திரத்தைப் பிடித்து, புண்ணைக் கவனிக்காமல் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இழந்தவை அவை.

படி 2: முதுகில் வரைபடம் போடுங்கள்

மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். அங்கிருந்து வெளியே போகிற, வெளியிலிருந்து அங்கே வருகிற எல்லாம் புற நரம்பு மண்டலம். பிரிவு அவ்வளவுதான். இதை மனப்பாடம் செய்வதைவிடத் தொட்டுப் பார்ப்பது மேல்.

தலையைக் குனியுங்கள். கழுத்து முடியும் இடத்தில் துருத்திக்கொண்டு நிற்பது பெரும்பாலும் ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. இப்போது இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வையுங்கள். இரண்டு பக்க விளிம்புகளையும் இணைத்து ஒரு கோடு இழுத்தால் அது நான்காவது இடுப்பு முள்ளெலும்பின் அருகே முதுகெலும்பைக் கடக்கும். தண்டுவடம் அதுவரை வருவதில்லை. சுமார் 45 செ.மீ. நீளமுள்ள அது, முதலாவது அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பின் உயரத்திலேயே முடிந்துவிடுகிறது. குழந்தை பிறக்கும்போது இன்னும் கொஞ்சம் கீழே இருக்கும். எலும்பு வேகமாக வளர, தண்டுவடம் பின்தங்கிவிடுகிறது. கீழ்நிலை நரம்புகள் முள்ளெலும்புகளுக்கு நடுவே வெளியேறும் தங்கள் துளையைத் தேடிக் கீழ்நோக்கி நீளமாகத் தொங்குவதால் அந்தக் கொத்துக்குக் குதிரைவால் என்றே பெயர்.

சிசேரியனுக்கு முன் முதுகில் ஊசி போடுவதை நினைத்துப் பயப்படாத குடும்பம் இல்லை. அந்த ஊசி போகும் இடம் இந்தக் கோட்டை ஒட்டித்தான், அதாவது தண்டுவடம் முடிந்த பிறகு. அங்கே இருப்பது திரவமும், ஊசி வந்தால் பெரும்பாலும் விலகிக்கொள்ளும் குதிரைவால் இழைகளும்.

தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன: கழுத்தில் 8, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5, திருகெலும்பில் 5, வாலெலும்பில் 1. கழுத்தெலும்பு ஏழுதானே, நரம்பு எப்படி எட்டு என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் கேட்பார். நல்ல கேள்வி. முதல் ஜோடி முதல் எலும்புக்கு மேலே வெளியேறுகிறது, எட்டாவது ஏழாவது எலும்புக்குக் கீழே. மூளையிலிருந்து நேராகக் கிளம்புபவை 12 ஜோடி. அவற்றில் பத்தாவதான வேகஸ் மட்டும் தலை, கழுத்து, தோளோடு நிற்காமல் இதயம், நுரையீரல், குடல் என்று ஊர் சுற்றும்.

நம்மைக் கேட்காமல் இதயத்தையும் குடலையும் நடத்தும் தானியங்கி மண்டலம் புற மண்டலத்தின் ஒரு பிரிவு. நாய் துரத்தும்போது வேலை செய்யும் பரிவு நரம்புகள் மார்பு, மேல் இடுப்புப் பகுதிகளிலிருந்து கிளம்புகின்றன. சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும்போது வேலை செய்யும் எதிர்ப்பரிவு நரம்புகள் மூளைத்தண்டிலிருந்தும் திருகெலும்புப் பகுதியிலிருந்தும் வருகின்றன. இப்போதைக்கு இது போதும்.

படி 3: ஆட்டு மூளையை அறுத்துப் பாருங்கள்

கறிக்கடையில் மூளையை உடைக்காமல் முழுசாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் மண்டையை நடுவில் பிளந்தே பழகியவர், அதனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பச்சை மூளை கெட்டித் தயிர் போலக் குழையும். கொதிக்கும் உப்பு நீரில் பத்து நிமிடம் போட்டால் இறுகிவிடும், கத்தி போடலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். படிக்க எடுத்ததை அப்புறம் வறுவலுக்குத் திருப்பாதீர்கள்.

வேக வைக்கும் முன் ஒன்று பாருங்கள். மூளை சமைக்கிறவர்கள் மேலே ரத்தக் குழாய் படர்ந்த மெல்லிய சவ்வை நகத்தால் உரித்து எடுப்பார்கள். உடற்கூறியல் வகுப்பில் மெனின்ஜஸ் என்று படிப்பது அதைத்தான். மூன்று உறைகளில் வெளியே உள்ள தடித்த ட்யூரா மேட்டர் பெரும்பாலும் மண்டையோட்டோடு போய்விட்டிருக்கும். கையில் வருவது உள்ளேயுள்ள இரண்டும், அரக்னாய்டும் பயா மேட்டரும். உயிருள்ள உடம்பில் இந்த இரண்டுக்கும் நடுவே மூளைத் தண்டுவடத் திரவம் ஓடிக்கொண்டிருக்கும். மனிதரில் எந்நேரமும் இருப்பது சுமார் 150 மில்லி. ஆனால் ஒரு நாளில் சுரப்பது சுமார் அரை லிட்டர். பழையது ரத்தத்துக்குத் திரும்பிக்கொண்டே இருக்கிறது.

வெந்ததும் மேலிருந்து பாருங்கள். மடிப்பு மடிப்பாக இரண்டு பாதி, அது பெருமூளை. பின்னால் நெருக்கமான வரிகளோடு சிறிய உருண்டை, சிறுமூளை. அடியில் தண்டு போல நீள்வது நடுமூளை, பான்ஸ், முகுளம் என்று தொடர்ந்து தண்டுவடமாகிறது. முன்பக்கம் இரண்டு குமிழ்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அவை மோப்பக் குமிழ்கள். ஆட்டுக்குப் பெரியவை, நமக்குச் சின்னவை.

இப்போது இரு பாதிக்கும் நடுவே நேராக வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் வில் போல வளைந்த வெள்ளைப் பட்டை கார்பஸ் கலோசம், இரு பாதிகளையும் இணைக்கும் ஆக்சான்களின் பாலம். அதற்குக் கீழே தலாமஸ், அதற்கும் கீழே ஹைபோதலாமஸ். சிறுமூளையின் வெட்டுமுகத்தில் ஒரு மரம் கிளை விட்டதுபோல் வெள்ளைக் கோடுகள் தெரியும். அதைப் பார்த்ததும் மாணவர்கள் போனை எடுத்துவிடுவார்கள்.

கடைசியாகப் பெருமூளையில் ஒரு பாதியைக் குறுக்கே வில்லையாக அறுங்கள். ஓரம் மங்கலான சாம்பல், உள்ளே வெள்ளை. சாம்பல் பகுதியில் செல் உடல்கள் குவிந்திருக்கின்றன. வெள்ளைப் பகுதி ஆக்சான்கள். அவற்றைச் சுற்றிய மயலின் என்ற கொழுப்புதான் வெள்ளை நிறம் தருகிறது. மனிதரில் இந்தச் சாம்பல் ஓரத்தின் தடிமன் 2 முதல் 4 மி.மீ. தண்டுவடத்தில் இது தலைகீழ்: சாம்பல் நடுவில் வண்ணத்துப்பூச்சி வடிவில், வெள்ளை வெளியே.

மனித மூளை 1,300 முதல் 1,400 கிராம் வரை இருக்கும். அதில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் என்று 2009இல் எண்ணிச் சொன்னார்கள். வியப்பு, அதில் பெருமூளைப் புறணிக்கு சுமார் 1,600 கோடிதான். எடையில் பத்தில் ஒரு பங்கான சிறுமூளையில் 6,900 கோடி.

ஆட்டு மூளை வீட்டுக்குள் வரக் கூடாது என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஐஐடி மெட்ராஸின் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் கருவிலுள்ள மனித மூளையின் 5,132 வெட்டுப் படங்களை இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. செல் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

படி 4: ஒரு நியூரானைச் சரியான அளவில் வரையுங்கள்

பாடப்புத்தகப் படத்தில் நட்சத்திரம் போல ஒரு தலை, அதே அளவுக்கு ஒரு வால். மதிப்பெண் வாங்கிவிடலாம், ஆனால் அந்த அளவு பொய். தண்டுவடத்திலிருந்து கால் விரலைக் கட்டுப்படுத்தும் தசை வரை போகும் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடல் அதிகபட்சம் 0.1 மி.மீ., ஆக்சான் கிட்டத்தட்ட 1 மீட்டர். செல் உடலை 4 செ.மீ. எலுமிச்சம்பழமாகப் பெரிதாக்கினால், அதிலிருந்து அரை செ.மீ. தடிமனில் ஒரு கயிறு கிளம்பி 400 மீட்டர் போக வேண்டும். தெருமுனை டீக்கடை வரை.

எலுமிச்சையை முதலில் வரையுங்கள். நடுவில் உட்கரு. சுற்றிலும் புள்ளிப் புள்ளியாக நிஸில் துகள்கள். புரதம் தயாரிக்கும் பட்டறைகள் இவை. செல் உடலிலிருந்து கிளைவிட்டு மெலியும் டென்ட்ரைட்டுகள், செய்தி வாங்குபவை. ஒரு பக்கம் மட்டும் சிறு மேடு எழும்பி அதிலிருந்து ஆக்சான் கிளம்பும். மேட்டிலும் ஆக்சானிலும் நிஸில் துகள் போடாதீர்கள், அங்கே இல்லை. செய்தி அனுப்பலாமா வேண்டாமா என்ற முடிவு ஆக்சான் தொடங்கும் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

பட்டறை எலுமிச்சையில், தேவை 400 மீட்டர் தள்ளி. சரக்கு எப்படிப் போகும்? ஆக்சானுக்குள் தண்டவாளம் போல நுண்குழல்கள் உண்டு. கைனசின் என்ற புரதம் சரக்கைச் சுமந்து நுனி நோக்கி நடக்கும், வேகம் ஒரு நாளைக்கு 40 செ.மீ. வரை. முதுகிலிருந்து பாதம் போக இரண்டரை நாள். டைனீன் என்ற இன்னொரு புரதம் எதிர்த்திசையில் சுமக்கும். ரேபிஸ் கிருமி இந்தத் திரும்பும் வண்டியில் ஏறித்தான் மூளைக்குப் போகிறது. நாய் கடித்த அன்றே புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவி ஊசி போட்டுக்கொள்ளச் சொல்வது, அது வண்டி ஏறும் முன் தடுப்பதற்காக.

எல்லா நியூரானும் இதே வடிவம் இல்லை. கண்ணின் விழித்திரையில் இரு முனைச் செல்கள் உண்டு. உணர்ச்சி கொண்டுவரும் செல்லின் உடல் வழியில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பிரதான சாலையிலிருந்து சின்னக் கிளையில் தொங்கும்.

இந்தச் செல்களைத் தனித்தனியாகப் பார்க்க முடிந்ததே ஒரு கதை. 1873இல் இத்தாலியின் கமிலோ கோல்ஜி வெள்ளி உப்பைக் கொண்டு ஒரு சாய முறை கண்டுபிடித்தார். அது நூற்றில் சில செல்களை மட்டும் முழுக்கக் கருப்பாக்கும், மற்றவற்றை விட்டுவிடும். எல்லாம் கருத்திருந்தால் புதர்தான் தெரிந்திருக்கும். ஸ்பெயினின் ரமோன் இ கஹால் அதே முறையில் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றும் தனிச் செல் என்றார். கோல்ஜியோ எல்லாம் ஒரே பின்னல் வலை என்றார். 1906இல் நோபல் பரிசை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள்; மேடையிலும் கோல்ஜி தன் கட்சியை விடவில்லை. வென்றது கஹாலின் கட்சி.

படி 5: கட்டில் காலில் இடித்துக்கொண்டதை நினைவுகூருங்கள்

வேண்டுமென்றே இடிக்க வேண்டாம், எல்லோருக்கும் நடந்திருக்கும். இருட்டில் நடக்கும்போது சுண்டுவிரல் இடிக்கும். முதலில் பளீரென்று ஒரு குத்து. ஒரு கணம் இடைவெளி. பிறகு மெல்ல ஏறும் ஒரு வலி, இதற்குத்தான் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொள்வோம். ஒரே அடி, வலி இரண்டு முறை வருகிறது. இரண்டு வகை ஆக்சான்கள், இரண்டு வேகம்.

ஓய்வில் இருக்கும் நியூரானின் உட்புறம் வெளியைவிட சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். சவ்விலுள்ள பம்பு மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. தூண்டல் வந்து அந்த அளவு மைனஸ் 55 வரை ஏறினால் சோடியம் வாசல்கள் திறந்து, சோடியம் உள்ளே பாயும். உட்புறம் பிளஸ் 30 வரை போகும். உடனே பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்பும். எல்லாம் ஓரிரு மில்லிசெகண்டில். இதைக் கணவாய் மீனின் தடித்த ஆக்சானில் அளந்து 1952இல் வெளியிட்டவர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும்.

இந்த அலை ஆக்சான் முழுக்க அடிமேல் அடி வைத்து நகர்ந்தால் மெதுவாகும். மயலின் சுற்றிய ஆக்சானில் உறைக்கு நடுவே சிறு இடைவெளிகள் இருக்கும், ரான்வியர் கணுக்கள். அலை கணுவிலிருந்து கணுவுக்குத் தாவும். பளீர் வலியைக் கொண்டுவரும் மெல்லிய மயலின் இழைகளின் வேகம் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். பின்னால் வரும் வலியின் இழைகளுக்கு மயலின் கிடையாது. வேகம் நொடிக்கு அரை முதல் 2 மீட்டர். பாதத்திலிருந்து முதுகுக்கு 1 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அந்த ஒரு கண இடைவெளி கையில் கிடைக்கும்.

படி 6: இடைவெளியைக் கவனியுங்கள்

ஒரு நியூரான் அடுத்ததைத் தொடுவதில்லை. சினாப்ஸ் என்ற சந்திப்பில் நடுவே 20 முதல் 40 நானோமீட்டர் இடைவெளி. மின் அலை நுனிக்கு வந்ததும் கால்சியம் உள்ளே நுழைய, சிறு பைகளில் இருக்கும் வேதிப்பொருள் இடைவெளியில் கொட்டும். அக்கரையில் உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டும். தசையோடு பேசும் சந்திப்பில் அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். வேலை முடிந்ததும் ஒரு நொதி அதை உடனே உடைத்துவிடும்.

நல்ல பாம்பின் நஞ்சு அக்கரை ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கட்டுவிரியனின் நஞ்சு இக்கரையில், பைகள் இருக்கும் நரம்பு நுனியையே கெடுக்கிறது. இரண்டிலும் தசைச் செயலிழப்பு கண்ணிமை தொங்குவதில் தொடங்கி மூச்சுத் தசை வரை போகும். பாதுகாப்பில்லாமல் பூச்சிமருந்து தெளித்தவருக்கு நடப்பது நேர்மாறு: ஆர்கனோபாஸ்பேட் அந்த நொதியை முடக்குவதால் அசிட்டைல்கோலின் தேங்கி, எச்சில் ஒழுகும், கண்ணில் நீர் கொட்டும், தசை துடிக்கும்.

நியூரான் அல்லாத செல்களையும் சொல்லிவிடுகிறேன், பாவம், எப்போதும் கடைசிப் பாராவில்தான் வருவார்கள். கிளியா செல்கள் மூளையில் கிட்டத்தட்ட நியூரான் அளவுக்கே இருக்கின்றன. பத்து மடங்கு என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. ஆஸ்ட்ரோசைட்டுகள் ஊட்டமும் சுத்தமும் பார்க்கும், மைக்ரோகிளியா காவல். மயலின் சுற்றுவது மைய மண்டலத்தில் ஆலிகோடென்ட்ரோசைட், ஒரு செல்லே பல ஆக்சான்களுக்குச் சுற்றும். வெளியே ஷ்வான் செல், ஒரு ஆக்சானின் ஒரு துண்டுக்கு மட்டும். கையில் அறுந்த நரம்பு நாளுக்கு 1 மி.மீ. அளவில் திரும்ப வளர ஷ்வான் செல்கள் வழிகாட்டுகின்றன. தண்டுவடத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

படி 7: முழங்காலைத் தட்டி எல்லாவற்றையும் ஓட விடுங்கள்

ஒருவரை மேசையில் கால் தொங்க உட்கார வையுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே விரலால் அழுத்தினால் தோலுக்கடியில் ஒரு பட்டை கிடைக்கும். உள்ளங்கையின் ஓரத்தால் அங்கே ஒரு தட்டு. கால் முன்னால் எகிறும்.

இப்போது பென்சிலை எடுத்து வழியை வரையுங்கள். பட்டை இழுபட்டதால் முன்தொடைத் தசை நீண்டது. அதற்குள் இருந்த உணர்வி கிளப்பிய அலை, தொடை நரம்பிலுள்ள தடித்த மயலின் இழையில் ஏறியது. செல் உடல் இருக்கும் முடிச்சைத் தாண்டி, பின்வேர் (தண்டுவடத்தின் பின்பக்கம் சேரும் இழைக்கட்டு) வழியாக, இடுப்புப் பகுதி நரம்புகளில் 2 முதல் 4 வரையிலான மட்டத்தில் தண்டுவடத்துக்குள் நுழைந்தது. சாம்பல் வண்ணத்துப்பூச்சியின் முன் இறக்கையில் இருந்த இயக்க நியூரானை நேராகச் சந்தித்தது. நடுவில் ஒரே ஒரு சினாப்ஸ். அங்கிருந்து முன்வேர் வழியாக அதே தொடை நரம்பில் திரும்பி, தசையில் அசிட்டைல்கோலின் கொட்டியது. அதே நேரம் ஒரு கிளை, இடையில் இன்னொரு சிறு நியூரான் மூலம், பின்தொடைத் தசைக்குப் போகும் செல்லை அடக்கியது. இல்லாவிட்டால் இரண்டு தசையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நின்றிருக்கும். மூளைக்கும் ஒரு பிரதி போகும், ஆனால் அது போய்ச் சேரும்போது கால் எகிற ஆரம்பித்திருக்கும்.

கால் அசையவில்லை என்றால் பதறாதீர்கள், பலர் தங்களை அறியாமல் தொடையை இறுக்கிக்கொள்வார்கள். இரு கை விரல்களையும் கொக்கி போலக் கோத்து, "மூணு எண்ணும்போது ரெண்டு பக்கமும் இழுங்க" என்று சொல்லிவிட்டு, இழுக்கும் கணத்தில் தட்டுங்கள். இந்த முறை பெரும்பாலும் எகிறும்.